நாற்பதுக்கு மேல் வீணை: எதில் காசைப் போடலாம், எதில் வேண்டாம்

நாலு பக்கம் படிப்பதற்குள் கை போனைத் தேடுகிறது, ஒரு வேலையில் முழுசாக உட்கார முடியவில்லை, ஏதாவது வாத்தியம் கற்றால் மனம் ஒரு நிலைக்கு வருமா என்று கேட்டு வருகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு வீணை சரிப்படுமா, சரிப்பட்டால் எந்த வீணை, பணத்தை எதில் போட வேண்டும் என்பதே இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சாதா ஒட்டு வீணை போதும், மிச்சமாகிற பணம் மேளத்துக்கு, அதாவது வீணையின் மெட்டுகளை (கம்பியை அழுத்தும் குறுக்குப் பட்டைகளை) சுரத்துக்குச் சரியாகப் பதிக்கும் வேலைக்குப் போகட்டும். யாளி முகத்துத் தங்கப் பூச்சு யாருடைய கவனத்தையும் நிறுத்தியதில்லை. ஏழாவது மெட்டில் 'ப' என்ற பஞ்சமம் அசையாமல் நின்றால் காது அதைப் பிடித்துக்கொண்டு உட்காரும்.

வேறு வாத்தியங்களோடு சுருக்கமாக ஒப்பிட்டுவிடுவோம். வயலினில் மெட்டே கிடையாது. விரல் வைக்கும் இடம் பிடிபடும்வரை, வில் நேராகும்வரை, பல மாதம் கீச்சொலியைச் சகித்தாக வேண்டும். இருபது வயதில் அது முடியும். ஐம்பதில் பலர் அந்தக் கட்டத்திலேயே பெட்டியை மூடிவிடுகிறார்கள். புல்லாங்குழல் மலிவு, எடையும் இல்லை. ஆனால் ஒலி பிடிக்கவே சில வாரமாகும், ஆரம்பத்தில் தலைசுற்றலும் வரும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சுரம் தானாக வந்துவிடுவதால் காதுக்கு வேலை குறைவு. வீணை வயலினுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதல் நாள் மீட்டினாலே நாதம் கேட்க நன்றாக இருக்கும். அதே சமயம், அந்த நாதத்தைச் சரியான சுரமாக்க இரண்டு கையும் காதும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும்.

கவனத்துக்கு வீணை தரும் வேலை எது என்று பார்த்தால், வலக்கையின் சுண்டுவிரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சாரணி என்ற முதல் கம்பியை மேலிருந்து கீழாக மீட்டிக்கொண்டிருக்கும்போது, சுண்டுவிரல் பக்கவாட்டிலுள்ள மூன்று தாளக் கம்பிகளைக் கீழிருந்து மேலாகத் தட்ட வேண்டும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், முதல் பாடமான சரளி வரிசை என்றால் 1, 5, 7 ஆகிய எண்ணிக்கைகளில், அதாவது கையில் தாளம் போட்டால் தட்டு விழும் இடங்களில். இடக்கை அந்த நேரத்தில் மெட்டுக்கு மெட்டுத் தாவிக்கொண்டிருக்கும். மனம் நாளைய மீட்டிங்குக்கோ கேஸ் புக்கிங்குக்கோ நழுவினால், சுரம் பழக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏழாவது எண்ணிக்கையில் விழ வேண்டிய தாளக் கம்பி மட்டும் விட்டுப்போகும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் வாத்தியமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வு என்று கேட்பவர்களுக்கு: ஜெனிஃபர் பூகோஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 60 முதல் 85 வயதுள்ளவர்களுக்கு ஆறு மாதம் தனித்தனியாகப் பியானோ கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் கவனத்தையும் வேகத்தையும் அளக்கும் சோதனைகளில் முன்னேறினார்கள். சிறிய ஆய்வு, வாத்தியமும் வேறு. அதை அப்படியே வீணைக்குத் தூக்கிப் போட முடியாது. மறதி நோய்க்கு மருந்து என்று யாராவது வீணை விற்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

கடையில் என்னென்ன காட்டுவார்கள்

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் பலா. குடம் (நாதம் எழும் உருண்டைப் பகுதி), தண்டி (மெட்டுகள் உள்ள நீண்ட பகுதி), யாளி முகம் (மறுமுனையில் உள்ள செதுக்கல்) மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை, சில கடைகளில் சாதா வீணை என்பார்கள். நீளம் நாலு அடிக்குச் சற்று மேலே, எடை ஏறக்குறைய 8 கிலோ. மெட்டுகள் 24, கம்பிகள் 7: வாசிக்க நான்கு, தாளத்துக்கு மூன்று. இந்த 24 மெட்டு நிலையான அமைப்பு 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது. அதற்கு முன் ராகத்துக்கு ஏற்ப மெட்டை நகர்த்தி வைக்கும் வீணைகளும் இருந்தன. அந்த வேலை இன்று கற்பவருக்கு இல்லை, ஒருமுறை மேளம் சரியாகக் கட்டிவிட்டால் எந்த ராகமும் அதே மெட்டில்தான்.

ஏகாந்த வீணையின் நாதத்தில் ஒரு தொடர்ச்சி இருக்கும், மறுப்பதற்கில்லை. நல்ல மரம், நல்ல கை அமைந்தால் கார்வை (நாதம் நின்று ஒலிக்கும் நேரம்) நீளும். ஆனால் அந்த வேறுபாடு கேட்பதற்கே ஓரிரு வருடப் பழக்கம் வேண்டும். விலையோ ஒட்டு வீணையைவிடக் கணிசமாகக் கூடும். கச்சேரி மேடைக்குப் போகப்போவதில்லை என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண். ஒட்டு வீணையில் பார்க்க வேண்டியது குடமும் தண்டியும் சேரும் மூட்டு: நகத்தால் ஓட்டிப் பாருங்கள், இடைவெளி தட்டுப்படக் கூடாது. தண்டியின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பாருங்கள், மெட்டுகளின் தலை ஒரே கோட்டில் தெரிய வேண்டும். நடுவில் தொய்வு தெரிந்தால், கடைக்காரர் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். மெழுகைச் சரி செய்யலாம், வளைந்த தண்டியை நிமிர்த்த முடியாது.

இன்னொரு வழி உண்டு, இதற்குத்தான் கூடுதல் மதிப்பெண். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுப் பரணில் கல்யாணத்துக்கு முன் பெண் கற்ற வீணை துணி சுற்றிக் கிடக்கிறது. சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விசாரியுங்கள். அதில் கம்பி துருப்பிடித்திருக்கும், மெழுகு வெடித்திருக்கும், குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரை காணாமல் போயிருக்கும், தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்குடுக்கை விரிந்திருக்கும். இவை நான்குமே சரி செய்யக்கூடியவை. மரத்தில் ஊசித்துளை போன்ற ஓட்டைகளும் அதிலிருந்து உதிரும் மாவும் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பூச்சி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. பழைய வீணைகளில் யானைத் தந்தமும் மான் கொம்பும் பதித்திருப்பார்கள். வீட்டுக்குள்ளேயே கை மாறினாலும் சட்ட விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். தந்த வேலைப்பாடு உள்ளதை விலைக்கு வாங்குவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கவைக்கும். புதிய வீணைகளில் வெள்ளையாகத் தெரிவது பிளாஸ்டிக் தகடு, அதில் பிரச்சினை இல்லை.

மேளம்: விமர்சனத்தின் பாதி இதுதான்

வீணையின் பித்தளை மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் கரிப்பொடியும் குங்கிலியமும் கலந்த கறுப்பு மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அந்த மெழுகை இளக்கி, மெட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, காதால் சுரம் பார்த்து உட்கார வைக்கிற வேலைக்கு மேளம் கட்டுவது என்று பெயர். வாத்தியத்தைச் செய்தவர் ஒருவர், மேளம் கட்டியவர் இன்னொருவர் என்று இருப்பதும் உண்டு. அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மரம் எங்கிருந்து வந்தது என்பதல்ல. மேளம் யார் கட்டினார், எப்போது கட்டினார், மறுபடி கட்ட வருவாரா என்று கேளுங்கள்.

சோதிப்பதற்குக் காது பழகியிருக்க வேண்டியதில்லை. போனில் ஒரு டியூனர் ஆப் போதும். சாரணியைக் கடைக்காரர் வைத்திருக்கும் சுருதிக்கே, பெரும்பாலும் இரண்டரை அல்லது மூன்று கட்டைக்கு, முள் நடுவில் நிற்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 12-ஆம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டினால் மணி போன்ற ஓர் ஒலி வரும். அடுத்து அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். அடுத்தது 5-ஆம் மெட்டு, சுத்த மத்யமம். பிறகு 7-ஆம் மெட்டு, பஞ்சமம். ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பிரித்தால், இந்த மூன்றிலும் ஆப் காட்டும் விலகல் 5 சென்ட்டுக்குள் இருப்பது நல்ல மேளம். பத்தைத் தாண்டினால் மறுபடி கட்டித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் 4-ஆம் மெட்டில், அந்தர காந்தாரத்தில், ஆப் பத்துப் பதினான்கு சென்ட் குறைவாகக் காட்டினால் உடனே குற்றம் சொல்லாதீர்கள். ஆப் கணக்கிடுவது பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்த சுரம். காதால் கட்டுபவர் தம்புராவோடு இழையும் காந்தாரத்தைத் தேடுகிறார், அது இயல்பாகவே சற்றுக் கீழே இருக்கும். சட்ஜமம், மத்யமம், பஞ்சமம் (ச, ம, ப) மூன்றில் மட்டும் இந்த இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றுபடும். அதனால்தான் சோதனைக்கு அந்த மூன்றை எடுத்தோம். மற்றவற்றைத் தம்புரா ஓடவிட்டு, ஆசிரியர் ஒருவர் காதால் பார்க்கட்டும்.

அழுத்துகிற விதமும் சோதனையைக் கெடுக்கும். மெட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருப்பதால், விரலை மெட்டிலிருந்து யாளிப் பக்கமாகத் தள்ளி வைத்துப் பலமாக அழுத்தினால் கம்பி இழுபட்டு சுரம் ஏறிவிடும். மெட்டைத் தாண்டிக் குடத்தின் பக்கம் விரல் போனால் நாதம் அமுங்கும். மெட்டின் தலையை ஒட்டி, கம்பி உலோகத்தைத் தொடும் அளவு மட்டும் அழுத்தினால் போதும். வீணை சரியில்லை என்று புகார் சொல்கிறவர்களில் பலருக்கு வீணையில் கோளாறு இல்லை, விரல்தான் பள்ளத்தில் இருக்கிறது.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரே ஒரு மெட்டு மட்டும் தப்பாக இருந்தால் அங்கே மெழுகு இறங்கியிருக்கிறது. மேலே போகப் போக எல்லா மெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனால் குதிரை மெட்டுப் பக்கம் நகர்ந்திருக்கிறது. குறைந்துகொண்டே போனால் எதிர்ப்பக்கம். கம்பியின் நீளம் 85 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், குதிரை வெறும் 2 மி.மீ. நகர்ந்தாலே, சாரணியைத் திரும்பச் சேர்த்த பிறகும், 12-ஆம் மெட்டில் 4 சென்ட், 24-ஆம் மெட்டில் 12 சென்ட் பிசகும். அதனால் வீணை வீட்டுக்கு வந்த அன்றே குதிரையின் கால்களைச் சுற்றிக் குடத்துப் பலகையில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவையுங்கள். பயணத்தில் குதிரை சரிந்தாலும் கோட்டில் திரும்ப வைத்துவிடலாம். மேளக்காரரைக் கூப்பிட வேண்டிய செலவில் பாதி இந்தப் பென்சில் கோட்டால் மிச்சமாகும்.

நாலாவது மெட்டில் சாரணியைப் பக்கவாட்டில் இழுத்து பஞ்சமம் வரை ஏற்றிப் பாருங்கள். வழியில் கரகரப்பு வந்தால், அடுத்த மெட்டு உயரமாக இருக்கிறது, அல்லது இந்த மெட்டின் தலை தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) கம்பியை இழுத்துத்தான் வரும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். கடைசியாக, கம்பியை முறுக்கும் பிரடைகளைத் திருப்பிப் பாருங்கள்: கரகரவென்று இல்லாமல் திரும்ப வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

புது வீணையின் மெழுகு முதல் சில மாதங்களில் அமுங்கும். முதல் வருடத்துக்குள் ஒருமுறை மேளம் திருத்த வேண்டியிருக்கும். அந்தச் செலவு விலையில் அடங்குமா என்று வாங்கும்போதே பேசி முடியுங்கள். அதன் பிறகு, தினம் வாசிக்கும் வீணைக்கு ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மேளம் கலைந்த வீணையில் வாசித்தால் கை சரியான இடத்தில் விழுந்தும் சுரம் தப்பும். கொஞ்ச நாளில் காது, கேட்பதையே நிறுத்திக்கொள்ளும். கவனத்துக்காகக் கற்க வந்தவருக்கு இதைவிட நஷ்டம் வேறில்லை.

உடம்பு என்ன சொல்லும்

வீணைக்குத் தரையில் சம்மணம். குடம் வலப்பக்கம் தரையில், சுரைக்குடுக்கை இடத்தொடை மேல். முட்டி வலியுள்ளவர்கள் இரண்டு அங்குல உயரமுள்ள கெட்டியான துணி மடிப்பு ஒன்றை இடுப்புக்கு அடியில் வைத்தால், முட்டி இடுப்புக்குக் கீழே இறங்கும், முதுகும் நிமிரும். பஞ்சு மெத்தை வேண்டாம், அமுங்கிவிடும். அதற்கும் முடியாதவர்கள் தாழ்வான ஸ்டாண்டில் வீணையைக் கிடத்தி நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கலாம். தண்டி கிடக்கும் கோணம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இது குறைச்சல் என்று நினைக்கும் ஆசிரியரிடம் போகாதீர்கள்.

இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி வெட்டும். காய்ப்பு ஏற மூன்று நான்கு வாரம். அதுவரை ஒரு நேரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் தோய்த்த பஞ்சை ஒரு சிறு டப்பியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலை அவ்வப்போது அதில் தொட்டால் கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும். சர்க்கரை உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: தோல் கிழிந்தால் ஆறத் தாமதமாகும், விரல் நுனியில் மரத்த உணர்வு இருந்தால் கிழிந்ததே தெரியாது. அன்றன்றைக்கு விரலைப் பார்த்துவிட்டுத்தான் வீணையை மூட வேண்டும். குளுக்கோமீட்டருக்கு ரத்தம் எடுப்பதை இந்த இரண்டு விரலில் எடுக்காதீர்கள்.

வலக்கை விரலில் மாட்டும் கம்பி நகம் போடலாமா, விரல் நகமே போதுமா என்பது பழைய விவாதம். வீணை தனம்மாள் (1867–1938) வெறும் விரலால் வாசித்தவர். அந்த நாதத்தின் மென்மை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களின் நகம் பலருக்கு உடையக்கூடியது, பாத்திரம் கழுவும் கையில் வளரவும் வளராது. கம்பி நகத்தில் தொடங்குங்கள். இறுக்கமாகப் போட்டால் நுனி மரக்கும், தளர்வாகப் போட்டால் மீட்டும்போது திரும்பிக்கொள்ளும்; விரல் கணுவைத் தாண்டாமல் நகத்தோடு ஒட்டி நிற்கும் அளவுக்கு வளைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மெட்டுகள் கண்ணிலிருந்து கிட்டத்தட்ட இரண்டடி தூரத்தில், இடப்பக்கம் சாய்ந்து போகின்றன. படிக்கும் கண்ணாடிக்கு அது தூரம், தூரப் பார்வைக் கண்ணாடிக்கு அது கிட்டம். புரோகிரசிவ் லென்ஸ் போட்டவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் தூரத்துக்கு என்று தனியாக ஒரு கண்ணாடி இருந்தால் அதைப் போடுங்கள். 5, 7, 12 மெட்டுகளுக்கு நேராகத் தண்டியின் ஓரத்தில் சிறு வெள்ளைப் பொட்டு ஒட்டினால் தேடல் குறையும்.

நாற்பது நிமிடத்தில் என்ன செய்வது

இது விரல் காய்த்த பிறகு. முதல் ஐந்து நிமிடம் சுருதி சேர்ப்பது. இதை வேலைக்கு முந்தைய தொல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. கவனப் பயிற்சியே இதுதான். சாரணியைத் தம்புராவின் சட்ஜமத்தோடு சேருங்கள். இரண்டாவது கம்பியான பஞ்சமத்தை 5-ஆம் மெட்டில் அழுத்தினால் திறந்த சாரணியோடு ஒன்ற வேண்டும். மூன்றாவதான மந்தரத்தை 7-ஆம் மெட்டில் அழுத்தினால் திறந்த பஞ்சமத்தோடு. நான்காவதான அனுமந்தரத்தை 5-ஆம் மெட்டில் அழுத்தினால் திறந்த மந்தரத்தோடு. தாளக் கம்பிகளில் பக்க சாரணி, சாரணியோடு ஒன்றும். பக்க பஞ்சமம், சாரணியின் 7-ஆம் மெட்டோடு. ஹெச்சு சாரணி, 12-ஆம் மெட்டோடு. பிரடையால் கிட்டத்தில் கொண்டுவந்து, நூலிழை வித்தியாசத்தை, கம்பியின் அடிமுனையைக் கட்டியிருக்கும் லங்கரில் உள்ள வளையத்தை நகர்த்திச் சரி செய்ய வேண்டும். இரண்டு கம்பி ஒன்றாத வரைக்கும் ஒலி அலைபோல் அடித்துக்கொண்டே இருக்கும். அலை மெதுவாகி நிற்கும் இடத்தைக் காத்திருந்து கேட்க வேண்டும். ஆப்பின் முள்ளைப் பார்த்துச் சேர்த்தால் இந்தப் பயிற்சி போய்விடும்.

அதற்காகவே தம்புராவுக்குப் போனை நம்பாதீர்கள். ஆப்பில் தம்புரா நன்றாகவே இருக்கிறது. அதே திரையில் வாட்ஸப்பும் இருக்கிறது. தனியாக ஓர் எலக்ட்ரானிக் தம்புராப் பெட்டி வாங்குங்கள். பெங்களூரு ராடெல் நிறுவனம் 1979-இல் தொடங்கிவைத்த வகை இது. இன்று பல அளவுகளில் கிடைக்கிறது. சிறிய மாடலே ஓர் அறைக்குப் போதும். சுருதியைத் தெளிவாக மாற்றும் குமிழ் இருக்கிறதா, பஞ்சமம் மத்யமம் மாற்றும் வசதி இருக்கிறதா என்பது மட்டும் பாருங்கள், மற்ற பொத்தானெல்லாம் அலங்காரம்.

அடுத்த இருபது நிமிடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. திறந்த கம்பி சட்ஜமம். பிறகு மெட்டுகள் 1, 4, 5, 7, 8, 11, 12. ஆள்காட்டி விரல் 4, 7, 11 என்று தாவும், நடுவிரல் 5, 8, 12-இல் விழும். பாணிக்குப் பாணி இது சற்று மாறும், ஆசிரியர் சொல்வதே முடிவு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, எண்ணிக்கைக்கு ஒரு சுரம். அது பத்து முறை தாளக் கம்பி தவறாமல் வந்தால் இரண்டு சுரம். நான்கு சுரம் வரும் மூன்றாம் காலத்தை முதல் மூன்று மாதம் தொடவே வேண்டாம். பெரியவர்களுக்குப் பாடத்தின் கணக்கு ஒரே நாளில் புரிந்துவிடுகிறது, அதனால் வேகத்துக்குப் போகிறார்கள். விரலுக்குப் புரிய நாளாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். விளைவு, சுரங்களுக்கு நடுவே மீட்டல் முன்னதாக விழும், டக் டக்கென்று செத்த ஒலி வரும். இடது விரல் மெட்டில் உட்கார்ந்த பிறகுதான் வலது விரல் மீட்ட வேண்டும்.

மிச்ச நேரம் ஒரே ஒரு கமகம். நாலாவது மெட்டில் அழுத்தி, சாரணியை இழுத்து மத்யமத்துக்குக் கொண்டுபோய், ஐந்தாவது மெட்டில் நேராக வாசித்த மத்யமத்தோடு ஒப்பிடுங்கள். இழுத்து வந்த மத்யமம் முதலில் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், இழுக்கப் பயந்து விரல் நின்றுவிடுவதால். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை. எவ்வளவு இழுத்தோம் என்பதைக் காது ஒன்றே சொல்லும்.

ஆன்லைன் வகுப்பு முடியும், ஆனால் ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்க முடியாது. ஒலி தாமதமாகப் போய்ச் சேரும். கேமரா முகத்தைக் காட்டிப் பயனில்லை; இடக்கை மேலிருந்து தெரியும்படி வையுங்கள். முதல் மாதமாவது நேரில் போவது நல்லது. கை வைக்கும் பழக்கம் அப்போது படிவது, பிறகு மாற்றக் கஷ்டம்.

எலக்ட்ரானிக் வீணை யாருக்கு

ராடெலின் சுநாதவினோதினி இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. பாகம் பாகமாகக் கழற்றிப் பெட்டியில் எடுத்துப் போகலாம். ஒலிபெருக்கி உள்ளேயே உண்டு, மெட்டை மெழுகில்லாமல் நாமே நகர்த்திச் சரி செய்துகொள்ளலாம். அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்கு ஒலியைக் குறைத்து வாசிக்க வேண்டியவர்களுக்கும், மேளக்காரர் கிடைக்காத ஊரில், நாட்டில் இருப்பவர்களுக்கும் இது நல்ல தேர்வு. இழுப்பும் தாளக் கம்பியும் சாதா வீணையில் போலவே என்பதால் கற்றது வீண் போகாது. இல்லாதது குடத்தின் அதிர்வு. மரவீணையை மடியில் வைத்து அனுமந்தரத்தை மீட்டினால் தொடை வழியாக உடம்புக்குள் இறங்கும் ஒரு நடுக்கம் இருக்கிறது. மனம் அமைதியாகிறது என்று பலர் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஸ்பீக்கர் வழியே அது வராது.

பராமரிப்பில் முதல் விதி வெயில். ஏப்ரல், மே மாதத்தில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் மெழுகு இளகி மெட்டுகள் சரியும். மொத்த மேளமும் மறுபடி கட்ட வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு அடியிலும் வேண்டாம். மழைக்காலத்தில் பிரடை உப்பி இறுகும். பலமாகத் திருகினால் பிரடையின் கழுத்து உடையும், வெளியே இழுத்துக் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவுங்கள். ஏசி அறையில் சுருங்கி நழுவினாலும் அதே சாக்பீஸ்தான். குதிரையின் மேல் உள்ள உலோகத் தகட்டில் கம்பி அறுத்த கோடு விழுந்தால் நாதம் கரகரக்கும். அரத்தை நீங்களே எடுக்காதீர்கள், அந்த வளைவு மயிரிழை அளவு மாறினாலும் கார்வை போய்விடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் கம்பியைத் துடைத்து மூடுங்கள். கம்பி வாங்கும்போது, உங்கள் சுருதி என்ன என்பதைச் சொல்லி, ஏழு கம்பிக்கும் சேர்த்து இரண்டு செட் வாங்குங்கள். முதலில் அறுவது பெரும்பாலும் சாரணி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி மிச்சம். நீங்கள் இருக்கும் ஊருக்கு மேளம் கட்டுபவர் வருகிறாரா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறார் என்று உங்கள் ஆசிரியரிடமும் கடையிலும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் ஒட்டு வீணையை எடுங்கள். இரண்டு பேருமே இழுத்தால் எலக்ட்ரானிக் வீணையைப் பாருங்கள்.